ஜாங்ஜியாஜியே: ஒரே பெயருக்குள் மூன்று இடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரின் பயணப் பக்கத்தில், சீனாவின் ஹுனான் மாநிலத்திலுள்ள ஜாங்ஜியாஜியே மலைகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்த மலைகளுக்கு இரண்டு முறை சென்று வந்தவள் என்ற முறையில், தமிழில் அவற்றுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப்பட்டதே எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தேசிய வனப் பூங்கா, தியான்மென் மலை, கண்ணாடிப் பாலம் ஆகிய மூன்றும் ஒரே வேலிக்குள் இருப்பதுபோல அக்கட்டுரை காட்டியதையும், அங்குள்ள கல்தூண்கள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை என்று கூறியதையும், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று வாசகர்களுக்கு நம்பிக்கையூட்டியதையும் அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. இவை தனித்தனிப் பிழைகளாகத் தோன்றினாலும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. சென்ற ஆண்டு அந்தக் குழப்பத்துக்குப் பணத்தையும் பொழுதையும் பறிகொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் இடங்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஜாங்ஜியாஜியே என்பது ஒரு நகரத்தின் பெயர். ஒரு பூங்காவின் பெயரும் அதுவே. நகரத்துக்கு முன்பு தாயோங் என்று பெயர் இருந்தது. பூங்காவின் புகழ் பரவிய பிறகு, 1994இல் நகரத்துக்கே பூங்காவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். தியான்மென் மலை அந்த நகரத்தின் தென்புறத்தில், ஏறத்தாழ 1,518 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. நகரத்துக்குள்ளிருந்தே புறப்பட்டு வீட்டுக் கூரைகளின் மேலாக 7,455 மீட்டர் தூரம் செல்லும் கேபிள் கார், மலையை ஊடுருவி நிற்கும் 131 மீட்டர் உயரமுள்ள இயற்கை வாசல், அதை நோக்கி ஏறும் 999 படிகள், 99 வளைவுகள் கொண்ட மலைச்சாலை ஆகியவையெல்லாம் அங்குதான் உள்ளன. கண்ணாடிப் பாலமோ முற்றிலும் வேறொரு திசையில், ஸிலி மாவட்டத்திலுள்ள பெரும் பள்ளத்தாக்கின் மேல் 430 மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிறது. 2016 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, வந்து குவிந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் இரண்டு வாரத்துக்குள் தற்காலிகமாக மூடப்பட்ட பாலம் அது. கல்தூண்கள் காடாக நிற்கும் தேசிய வனப் பூங்கா இவ்விரண்டிலும் இல்லை. நகரத்துக்கு வடக்கே, வூலிங்யுவான் என்ற பரந்த வனப்பகுதிக்குள் இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி வாயில்கள், தனித்தனி நுழைவுச்சீட்டுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வண்டிதான் பிடிக்க வேண்டும்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையாளர் சுண்ணாம்புக் கல் என்று எழுதியது கற்பனையன்று. தியான்மென் மலை சுண்ணாம்புக் கல்தான்; அந்த வாசலைக் குடைந்தது நீர்தான். கண்ணாடிப் பாலத்துக்குக் கீழேயுள்ள பள்ளத்தாக்கும் அத்தகையதே. வூலிங்யுவானுக்குள்ளேயே மஞ்சள் நாகக் குகை போன்ற மாபெரும் சுண்ணாம்புக் குகைகளும் உண்டு. ஆனால் படங்களில் நாம் பார்த்து வியக்கும் அந்தத் தூண்கள், கட்டுரையின் மேலே அரைப்பக்கத்துக்கு அச்சிடப்பட்டிருந்த அதே தூண்கள், குவார்ட்ஸ் மணற்கல். இடங்களைக் கலந்தால் கல்லும் கலந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இதென்ன பெரிய வேறுபாடு, கல் கல்தானே என்று சிலர் நினைக்கலாம். நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குப் போனேன்; அவற்றின் குகைகளுக்குள் இருக்கும் கோயில்களுக்குத்தான் பாட்டி எங்களை அழைத்துப் போவார். அந்தக் குன்றுகளில் மழைநீர் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து உள்ளே குடைகிறது. அதனால்தான் குகையும், குகைக்குள் கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி வளர்ந்த கல்விழுதுகளும் உண்டாகின்றன. ஜாங்ஜியாஜியே பூங்காவின் மணற்கல் அப்படிக் கரைவதில்லை. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், கடலோரத்தில் படிந்த மணல் ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் அடுக்கடுக்காக இறுகிக் கல்லானது. பின்னர் நிலம் மேலெழுந்தபோது அந்த அடுக்குகள் பெரிதாகச் சாயாமல் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே இருந்துவிட்டன. ஆனால் மேலிருந்து கீழாக எண்ணற்ற பிளவுகள் விழுந்தன. அந்தப் பிளவுகளில் ஓடை நீர் இறங்கியது; குளிர்காலத்தில் உறைந்த நீர் விரிந்து கல்லை நெம்பியது; மரவேர்கள் எஞ்சியதைப் பிளந்தன. பிளவுக்கு இரண்டு பக்கமும் இருந்தவை சரிந்து விழ, நடுவில் இருந்தவை தூண்களாக நின்றன. அடுக்குகள் சாய்ந்திருந்தால் அவையும் வழுக்கி விழுந்திருக்கும்.

பொங்கலுக்குக் கட்டிவைத்த கரும்புக் கட்டின் கயிற்றை அவிழ்த்ததும் கரும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்குமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. தூண்களின் உடலில் குறுக்காக ஓடும் மணல் அடுக்குகள் கரும்பின் கணுக்கள் போலவே இருக்கின்றன. இப்படிப்பட்ட தூண்களும் முகடுகளும் வூலிங்யுவானில் 3,000க்கும் மேல் உள்ளன; அவற்றுள் பல 200 மீட்டரைத் தாண்டியவை. நிலவியலாளர்கள் இத்தகைய நிலத்தோற்றத்துக்கு ஜாங்ஜியாஜியே நிலவமைப்பு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் இந்த அளவில் காணக்கிடைக்காத ஒன்றை, ஈப்போவில் நாம் தினமும் பார்க்கும் குன்றுகளின் சீன உறவினர்போல எழுதிவிட்டால், அவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பதில் என்னதான் பொருள் இருக்கிறது?

என் முதல் பயணத்தைச் சொல்லாமல் இது முழுமையாகாது. 2023 டிசம்பரிலிருந்து மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் விசா இல்லாமலே சீனாவுக்குச் சுற்றுலா செல்ல முடிவதால், நம் ஊர்களில் ஜாங்ஜியாஜியே பெயர் பொறித்த துண்டுப் பிரசுரம் இல்லாத பயண நிறுவனமே இன்று இல்லை. அப்படி ஒரு நிறுவனத்தின் குழுவில் நானும் என் கணவரும் சேர்ந்தோம். ஆறு நாள் பயணத்தில் வனப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு நாளின் காலையில் முதலில் எங்களை ஒரு மூலிகைக் கடைக்கு அழைத்துச் சென்று, பாதங்களை வெந்நீரில் ஊறவைத்து, ஒன்றரை மணி நேரம் மருந்து விற்றார்கள். பூங்காவின் மின்தூக்கி வரிசையில் நாங்கள் போய் நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, இரண்டு நிமிடம்கூட எடுக்காமல் அது எங்களை மேலே கொண்டுபோய் விட்டது. யுவான்ஜியாஜியே காட்சிமுனையில் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். அதிலும் பாதி நேரம் முன்னால் நின்றவர்களின் தொப்பிகளையும் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளையும்தான் பார்த்தேன். மாலையில் பேருந்தில் ஏறியதும் கணவர் என்னிடம் கேட்டார்: "மலை எங்கே இருந்தது?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வாண்டு நாங்களே திட்டமிட்டு, என் நாத்தனாரையும் உடன் அழைத்துக்கொண்டு மறுபடியும் போனோம். ஹுனானின் தலைநகரான சாங்ஷாவரை விமானத்திலும் அங்கிருந்து ரயிலிலும் சென்று, பூங்காவின் கிழக்கு வாயிலை ஒட்டியுள்ள வூலிங்யுவான் ஊரில் தங்கினோம். பூங்காவின் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கானதன்று. நான்கு நாள்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே சென்று வரலாம். உள்ளே ஓடும் பேருந்துகளுக்கும் அதே சீட்டு போதும்; மின்தூக்கிக்கும் கேபிள் காருக்கும் மட்டுமே தனிக் கட்டணம். பூங்காவை நடத்துபவர்களே நான்கு நாள் வேண்டும் என்று கருதிச் சீட்டு கொடுக்கும்போது, நம் பயண நிறுவனங்கள் அதை அரை நாளாகச் சுருக்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் நாள் நாங்கள் மேலே போகவே இல்லை. தெற்கு வாயில் வழியாக நுழைந்து, தங்கச் சாட்டை ஓடை எனப்படும் நீரோட்டத்தின் கரையோடு நடந்தோம். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், சமதளப் பாதை, மூட்டு வலியுள்ள என் கணவரும் கைத்தடியோடு அலுப்பின்றி நடந்துவந்தார். இரண்டு பக்கமும் தூண்கள், காலடியில் தெளிந்த நீர், தலைக்கு மேலே ஒரு கோடாக வானம். ஓடைக்குப் பெயர் தந்த தங்கச் சாட்டைப் பாறை, அடி முதல் நுனி வரை விளிம்பு பிசகாமல் நிற்கும் ஒரு தூண். சின் பேரரசன் மலைகளைக் கடலுக்கு ஓட்டிச் செல்ல வைத்திருந்த மந்திரச் சாட்டை அது என்று ஊரார் கதை சொல்கிறார்கள். அதன் பக்கத்தில் கழுகு வடிவில் காவல் நிற்கும் பாறைக்கும் கதை உண்டு. ஓடையில் கிடந்த ஓர் உடைந்த கல்லை எடுத்துத் தேய்த்தேன். விரலில் மணல் ஒட்டியது. அந்த நொடியில்தான் இந்த மலைகள் எனக்குப் புரியத் தொடங்கின என்று சொன்னால் அது மிகையன்று.

மேலிருந்து பார்க்கும்போது தூண்களின் தலைகள்தான் தெரிகின்றன. மூடுபனி இருந்தால் அவை மிதப்பதுபோல் தோன்றும், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இருநூறு மீட்டர் உயரம் என்றால் என்ன என்பதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்தான் அறிவார். திருவண்ணாமலைக் கதையில் ஒருவர் அடி தேடிப் போகிறார், இன்னொருவர் முடி தேடிப் போகிறார். நம் சுற்றுலாக் குழுக்களோ முடியை மட்டும் பார்த்துவிட்டு முழுவதையும் கண்டதாகச் சொல்கின்றன. அந்த ஓடைக்கரையில் காலை ஏழரை மணிக்கு நாங்கள் கண்ட மனிதர்கள் இருபது பேர்கூட இல்லை. குரங்குகள்தாம் அதிகம். கையில் நெகிழிப்பை இருந்தால் உணவென்று எண்ணிப் பறித்துவிடும். என் நாத்தனார் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை இழந்தார்.

இரண்டாம் நாள் அங்கேயே கிளைப் பாதைகளில் நடந்தோம். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மேலே கழித்தோம். யுவான்ஜியாஜியேயில் இரண்டு மலைகளை இணைத்து நிற்கும் இயற்கைக் கற்பாலத்தை, கூட்டம் கலைந்த பிறகு மாலையில் பார்த்தோம். தியான்ஸி மலையில், பேரரசரின் தூரிகை என்று பெயர் பெற்ற தூண்களின் முன்னே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்; ஒவ்வொரு தூணின் உச்சியிலும் மண் இருப்பதாகவே தெரியாத வெற்றுப் பாறையில் வூலிங் பைன் மரங்கள் வேர் பிடித்து நிற்கின்றன. முந்தைய இரவு மழை பெய்திருந்ததால் காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் நிரம்பி, பத்து மணியளவில் மெல்ல விலகியது. நாள்கணக்காகத் தங்குபவருக்கே அது வாய்க்கும். குறித்த மணிக்கு வந்து குறித்த மணிக்குப் போகும் குழுவுக்கு வானிலை காத்திருக்காது.

கட்டுரையில் பெரிதும் புகழப்பட்ட மின்தூக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு நாகங்களின் பெயரால் அழைக்கப்படும் அது 326 மீட்டர் உயரமுடையது. அதில் 154 மீட்டர் மலையின் உள்ளே தோண்டப்பட்ட துளை. மீதி 172 மீட்டர் பாறைமுகத்தோடு பொருத்தப்பட்ட எஃகுச் சட்டம். அதன் வரலாறு கவனிக்கத்தக்கது. வூலிங்யுவானை 1992இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1998இல் நிலைமையைப் பார்வையிட வந்த நிபுணர்கள், சுற்றுலாக் கட்டடங்கள் மிதமிஞ்சிப் பெருகி இடத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று கண்டித்தார்கள். அதன் பிறகு உள்ளே இருந்த விடுதிகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த துஜியா என்ற சிறுபான்மை இன மக்களும் வெளியே குடியமர்த்தப்பட்டார்கள். அதே காலத்தில், 1999இல்தான், இந்த மின்தூக்கியின் கட்டுமானமும் தொடங்கியது! துஜியா மக்களின் குடியிருப்பு மலைக்குப் பொருந்தாது, எஃகுச் சட்டம் பொருந்தும் என்ற முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஓடைக்கரையிலிருந்து மேலே செல்லும் படிப்பாதையில் இரண்டு மணி நேரம் ஏறும் நிலையில் என் கணவர் இல்லை. மின்தூக்கி இல்லையென்றால் அவர் மேலே வந்திருக்கவே முடியாது. ஆகவே அதில் ஏறாதீர்கள் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. காலை முதல் பேருந்தில் சென்றால் வரிசை குறைவு என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெயர் மாற்றத்தையும் கட்டுரை ஒரு பெருமையாகக் குறிப்பிட்டிருந்தது. தெற்கு வானத்தூண் என்ற பொருளில் காலங்காலமாக அழைக்கப்பட்ட ஒரு தூணுக்கு, 2010 ஜனவரியில், அவதார் என்ற ஹாலிவுட் படத்தின் புகழைப் பயன்படுத்திக்கொள்ள, அவதார் அல்லேலூயா மலை என்று பெயர் வைத்தார்கள். நம் புராணச் சொல் ஒன்றும் கிறிஸ்தவத் துதிச்சொல் ஒன்றும் கைகோத்துக்கொண்டு ஹுனான் மலையுச்சியில் பலகையாக நிற்பதைப் பார்த்து என் நாத்தனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பழைய பெயரே போதுமானது, அழகானது என்பது என் எண்ணம்.

உண்மையில் இந்த மலைகளுக்குப் புகழ் தேடித் தந்தது படமன்று. ஒரு நாளிதழ்க் கட்டுரை. 1958 முதல் அரசு மரப்பண்ணையாக இருந்த இந்தக் காட்டுக்கு 1979இல் வந்த ஓவியர் வூ குவான்ஸோங், தாம் கண்டதை எழுத, அது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஹுனான் நாளிதழில் வெளியானது. அதன் பிறகே வெளியுலகம் இந்தப் பக்கம் திரும்பியது. 1982இல் இது சீனாவின் முதல் தேசிய வனப் பூங்காவானது. பயணப் பக்கத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு கனம் உண்டு என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உணவைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றும் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். ஹுனான் சமையலில் மிளகாய் தாராளம். நம் நாக்குக்கு அது தடையாக இல்லை. ஆனால் துஜியா மக்களின் சமையலில் புகையிட்ட பன்றி இறைச்சி கீரையோடும் காளானோடும்கூடக் கலந்து வரும். பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு. சைவ உணவு என்பதற்கான சீனச் சொல் நம் காதுக்கு ஜப்பானிய சுஷி போலவே ஒலிப்பதால், வாயால் சொல்வதைவிட எழுத்தில் காட்டுவதே பாதுகாப்பு. மலைப்பாதையில் விற்கும் வெள்ளரிக்காயும் வேகவைத்த சோளமும் எங்களுக்குப் பல வேளை உணவாயின. உணவகங்களின் வாசலில் கண்ணாடித் தொட்டிகளில் பெரிய சாலமாண்டர்களை வைத்திருப்பதையும் காணலாம். உலகின் மிகப் பெரிய நீர்நில வாழ்வினங்களுள் ஒன்றான அந்தச் சீன ராட்சத சாலமாண்டர், காட்டில் அழியும் நிலையில் இருக்கிறது. குழந்தை அழுவதுபோல் ஒலியெழுப்புவதால் உள்ளூரில் அதைக் குழந்தை மீன் என்கிறார்கள். தொட்டிகளில் இருப்பவை பண்ணையில் வளர்ந்தவை என்றுதான் கடைக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் அவற்றைப் பார்த்ததோடு சரி.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. பூங்கா, தியான்மென் மலை, கண்ணாடிப் பாலம் மூன்றும் வெவ்வேறு இடங்கள் என்பதையும், பூங்காவின் தூண்கள் மணற்கல் என்பதையும் அடுத்த ஞாயிறு மலரில் ஒரு சிறு திருத்தமாக வெளியிட வேண்டும். அடுத்து, பயண நிறுவனங்களின் விளம்பரங்கள் தங்கள் பக்கங்களிலேயே வருவதால், வனப் பூங்காவுக்குள் எத்தனை மணி நேரம், கடைகளுக்கு எத்தனை மணி நேரம் என்பதை விளம்பரத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வூதியத்தைச் சேர்த்து வைத்து வாழ்க்கையில் ஒருமுறை போகும் முதியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். மூலிகைக் கடையில் கால்களை ஊறவைக்கவா அவர்கள் அவ்வளவு தூரம் போவது?

பூங்காவின் வாயில்கள், ஓடைப் பாதை, மின்தூக்கி, பேருந்து நிறுத்தங்கள் ஆகியவற்றைக் குறித்து நான் கையால் வரைந்த வரைபடம் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். அளவு துல்லியமாக இராது. ஆனால் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை உண்டு, எங்கே படிகள் தொடங்குகின்றன என்பவை சரியாக இருக்கும். இடமிருந்தால் திருத்தத்தோடு அதையும் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
ஈப்போ, பேராக்.